பார்க்க வந்தவர் வாங்கிப் போகட்டும்

நம்ம கூட்டங்களில் பண்ணைச் சுற்றுலா என்று பேச்செடுத்தாலே, "இங்கிலாந்தைப் பாருங்க, அங்கே விவசாயி வயலைக் காட்டியே சம்பாதிக்கிறான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிற இளைஞர்களில் சிலர் நெல்லுக்கு முன்னால் குடிலுக்குத்தான் திட்டம் போடுகிறார்கள். நாலு ஏக்கர் வாங்கி, இரண்டு மண்வீடு கட்டி, வாரக் கடைசியில் ஆட்களை அழைத்தால் பண்ணை தானாக ஓடிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

சரி, இங்கிலாந்தைப் பார்ப்போம். பார்ப்பது என்று வந்துவிட்டால் முழுசாகப் பார்ப்போம். மகள் குடும்பம் அங்கே இருப்பதால் இரண்டு கோடைகாலம் போய்த் தங்கியிருக்கிறேன். நகரத்துக்காரர்கள் விடுமுறை நாளில் போகிற பண்ணைகள், மலைப்பாதைகள், பழைய மாளிகைகள் பலவற்றுக்கும் போய் வந்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர் நம் விளைச்சலை வாங்கி உண்கிறவராகத் திரும்பிப் போனால் பண்ணையைக் காட்டுவது நல்லது. நுழைவுச் சீட்டோடும் புகைப்படத்தோடும் போய்விட்டால், கொஞ்ச காலத்தில் பயிர் அலங்காரமாகும், உழவர் அதற்குக் காவலாளி ஆவார். இரண்டுக்கும் இங்கிலாந்தில் சான்று இருக்கிறது.

ஆண்டு முழுக்க வேடிக்கை

அங்கே சனி, ஞாயிறு வெயில் அடித்தால் போதும், நகரத்துக் குடும்பம் காரை எடுத்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் கிளம்பிவிடும். பண்ணைகளும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றைத் தயாராக வைத்திருக்கின்றன. மார்ச், ஏப்ரல் ஆடு குட்டி போடும் காலம். சீட்டு வாங்கிக்கொண்டு போய்க் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம். ஜூனில் ஸ்ட்ராபெரி. கூடையைக் கையில் கொடுத்து "நீங்களே பறிச்சுக்கோங்க" என்று விட்டுவிடுவார்கள், எடை போட்டுக் காசு. ஜூலையில் லாவெண்டர் பூத்து வயலே ஊதாவாக இருக்கும், உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம். மக்காச்சோளம் தலைக்கு மேல் வளர்ந்ததும் அதற்குள் வளைந்து வளைந்து வழி வெட்டி, புகுந்தவர் வெளியே வரத் திண்டாடுகிற விளையாட்டு. அக்டோபரில் பூசணிக் காடு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம். நடுவில் டிராக்டர் சவாரி, தேநீர்க் கடை, கூடாரத்தில் தங்கல் எல்லாம் உண்டு.

இதைப் பார்த்துவிட்டு அங்கே விவசாயி செழிப்பாக இருக்கிறான் என்று முடிவு கட்டக் கூடாது. பாலும் கம்பளியும் கோதுமையும் கட்டுப்படியாகியிருந்தால் அவன் ஏன் சோளக்காட்டுக்குள் விளையாட்டு வழி வெட்டப் போகிறான்?

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் பிரிட்டனில் முப்பதாயிரம் அளவில் பால் பண்ணைகள் இருந்தன. இன்று பத்தாயிரத்துக்கும் கீழே. பெரிய அங்காடிகள் விலையை அழுத்தியதில் சிறு பண்ணைகள் கறவையை விட்டன, மிஞ்சியவை பெரிதாகிக்கொண்டே போகின்றன. கம்பளியின் கதை இன்னும் மோசம். இடைக்கால இங்கிலாந்தின் செல்வமே கம்பளிதான். அவர்களுடைய பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றைக்கும் கம்பளி அடைத்த ஆசனத்தில்தான் உட்காருகிறார். காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியில் நார்த்லீச், சிப்பிங் கேம்டன் போன்ற சின்ன ஊர்களில் மாபெரும் தேவாலயங்கள் நிற்கின்றன. கம்பளி வணிகர்கள் கொட்டிக்கொடுத்த காசில் எழுந்தவை. அந்தக் கட்டடங்களைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து மேய்ச்சலில் நிற்கிற ஆட்டின் கம்பளியோ, கத்தரிக்கிறவருக்குக் கொடுக்கும் கூலிக்குக்கூடக் காணாத ஆண்டுகள் பல. கம்பளி கட்டிய கோயிலுக்குக் கூட்டம் இருக்கிறது, கம்பளிக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்துப் பண்ணைகளில் பாதிக்கும் மேல் பயிர், கால்நடை தவிர வேறு ஏதோ ஒரு வருமானம் வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதில் முதலிடம் சுற்றுலாவுக்கு இல்லை. பழைய களஞ்சியத்தையும் கொட்டகையையும் பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ வாடகைக்கு விடுவதுதான் அதிகம். நமக்குக் காட்டப்படுகிற படத்தில் அந்தக் கொட்டகை வருவதில்லை.

காட்சியைச் செய்தவர் யார்?

இங்கிலாந்தின் கிராமப்புறம் அழகுதான், மறுக்க மாட்டேன். பச்சைக் குன்றுகள், வயல்களைப் பிரிக்கிற முள்வேலிச் செடிகள், சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். ஆனால் அது இயற்கையாக அமைந்ததாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஒவ்வொரு அங்குலமும் உழவரும் மேய்ப்பரும் செய்தது. அதில் வலியும் இருக்கிறது. நேர் நேராக ஓடுகிற அந்த வேலிகளில் பல, 1750க்கும் 1850க்கும் இடையில் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டுப் பொது நிலத்தை வளைத்து அடைத்தபோது வந்தவை. ஊர்ப் பொதுவில் மாடு மேய்த்த குடும்பங்கள் அப்போது கூலியாட்களாயின, ஆலை நகரங்களுக்குப் போயின. சுற்றுலாப் பட்டியலில் முதலில் வருகிற மாளிகைகளில் சிலவற்றுக்கு நம் துணைக்கண்டத்துப் பணமும் போயிருக்கிறது. பெர்க்‌ஷயரில் உள்ள பேசில்டன் பார்க், பிரான்சிஸ் சைக்ஸ் என்பவர் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்த்த சொத்தில் எழுப்பியது.

இந்தக் காட்சிக்கும் பண்ணைக்கும் உள்ள உறவு ஒரு தடவை எல்லாருக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2001 பிப்ரவரியில் அங்கே கோமாரி நோய் புகுந்தது. நோய் கண்ட பண்ணை மட்டுமில்லை, சுற்றியிருந்த பண்ணைகளின் கால்நடைகளையும் சேர்த்துக் கொன்றார்கள். கணக்கில் வந்தவை மட்டும் 60 லட்சத்துக்கு மேல். குவித்து எரித்த புகை வாரக் கணக்கில் எழுந்தது. நோய் பரவாமலிருக்க நாடு முழுக்க நடைபாதைகளை மூடினார்கள். மே மாதம் நடக்க இருந்த தேர்தல்கள் ஜூனுக்குத் தள்ளிப்போயின. பாதை மூடியதும் விடுதிகள் காலி, தேநீர்க் கடைகள் காலி. கடைசியில் கணக்குப் பார்த்தால் வேளாண்மையைவிடச் சுற்றுலாவுக்குத்தான் நட்டம் அதிகம்.

இதை வைத்து நகரத்துப் பொருளாதாரக்காரர்கள் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கிராமத்தில் சுற்றுலாதான் பெரிய தொழில், வேளாண்மை சின்னது, ஆகவே சின்னதைக் காப்பாற்றப் பெரியதை மூடியது தப்பு. எனக்குத் தோன்றுவது வேறு. பண்ணையில் நோய் வந்த அன்று சுற்றுலா படுத்துவிட்டது என்றால், சுற்றுலா விற்றுக்கொண்டிருந்த சரக்கு பண்ணையில் விளைந்தது. அந்த விளைச்சலுக்கு மட்டும் விவசாயிக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. விடுதிக்காரருக்கு அறை வாடகை, கடைக்காரருக்குத் தேநீர்க் காசு, கார் நிறுத்துமிடத்துக்குக்கூட மணிக்கு இவ்வளவு என்று உண்டு. குன்றைப் பச்சையாக வைத்திருந்த ஆட்டுக்காரருக்கு ஆட்டின் சந்தை விலைதான்.

ஏரி நாட்டின் பாடம்

வடமேற்கில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்கிற ஏரியும் மலையும் சூழ்ந்த பகுதி இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. வெறும் மலை அழகுக்காக இல்லை, அங்கே நூற்றாண்டுகளாக நடக்கும் ஆட்டு வேளாண்மையையும் சேர்த்துத்தான். ஹெர்ட்விக் என்ற நாட்டு ஆட்டினம் அந்த மலைக்கே உரியது. வேலி இல்லாத மலைமேல் தாய் ஆடு தன் எல்லையைக் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். அதனால் மந்தையை விற்றாலும் அந்த நிலத்தோடு சேர்த்துத்தான் விற்பார்கள். மந்தையைப் பிரித்துவிட்டால் அந்த அறிவும் போய்விடும்.

குழந்தைகளுக்கு முயல் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகம் விற்ற காசில் 1905இல் அவர் அங்கே ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அதோடு நிற்காமல் ஒவ்வொன்றாக வேறு பண்ணைகளையும் வாங்கி, ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பதில் பெயர் எடுத்தார். 1943இல் இறக்கும்போது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பத்துக்கு மேற்பட்ட பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்தார். அவற்றில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பதும் அவர் விருப்பம். இன்று ஹில் டாப் வீட்டுக்கு உலகம் முழுவதிலுமிருந்து கூட்டம். நேரம் குறித்த சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும். அவர் எழுதிய மேசையைப் பார்க்கிறார்கள், முயல் பொம்மை வாங்குகிறார்கள். அவர் காப்பாற்ற நினைத்த ஆட்டைப் பற்றிக் கேட்கிறவர் குறைவு.

அதே நேஷனல் டிரஸ்ட் 1895இல் தொடங்கிய அமைப்பு, 50 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 2016இல் பாரோடேல் பள்ளத்தாக்கில் தார்னிதுவெயிட் என்ற பண்ணை விற்பனைக்கு வந்தது. டிரஸ்ட் நிலத்தை மட்டும் 9,50,000 பவுண்டு கொடுத்து வாங்கியது, பண்ணை வீட்டை வாங்கவில்லை. வீடு தனியாகப் போயிற்று. இயற்கையைப் பேணவும் வெள்ளத்தைத் தணிக்கவும் நிலத்தை நிர்வகிப்போம் என்பது அவர்கள் விளக்கம். வீடில்லாத மேய்ச்சலில் ஒரு மேய்ப்பர் குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று அந்த வட்டாரத்து உழவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது. அழகான இடத்தில் வீட்டின் விலை ஆட்டின் வருமானத்தோடு சம்பந்தமில்லாமல் ஏறிவிடுகிறது. விடுமுறைக்கு வருகிறவர் வாங்கிவிடுகிறார், உழவர் மகனுக்கு ஊரில் வீடு இல்லை. சுற்றுலா வந்த எந்தக் கிராமத்திலும் முதலில் நடப்பது இதுதான். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரம் ஏக்கர்க்காரர் கணக்கு

சுற்றுலாவால் ஜெயித்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஜெரமி கிளார்க்சன் என்ற தொலைக்காட்சிக்காரரின் பண்ணை. ஏறக்குறைய 1,000 ஏக்கர். 2021இல் அவருடைய தொடர் ஒளிபரப்பானதும் அந்தச் சின்னப் பண்ணைக் கடைக்குக் கார்கள் வரிசை கட்டின, கிராமத்துச் சாலை திணறியது. அதே தொடரில்தான், ஒரு வருடம் பயிர் செய்து அவருக்கு மிஞ்சிய லாபம் 144 பவுண்டு என்றும் சொன்னார்கள். கடைக்கு வந்த கூட்டம் பார்க்க வந்தது அவரை. எதிர் வயல்காரர் அதே மண்ணில் அதே பார்லி விதைத்தாலும் அவர் வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்காது.

இன்னொன்று தெற்கே சசெக்ஸில் உள்ள நெப் எஸ்டேட். 3,500 ஏக்கர் கெட்டிக் களிமண். எத்தனை உரம் போட்டும் பால், கோதுமை இரண்டிலும் நட்டம் என்று 2000க்குப் பிறகு சாகுபடியை விட்டுவிட்டு, நாட்டு மாடு, பன்றி, மான், குதிரைகளை மேயவிட்டு நிலத்தைக் காடாக விட்டார்கள். பாடலுக்குப் பெயர்போன நைட்டிங்கேல் பறவைகள் பெருகின. 2020இல் அங்கே வெள்ளை நாரைகள் குஞ்சு பொரித்தன, பிரிட்டனில் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. பார்க்க வருகிறவர்களை வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள், கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள், மேய்ந்த மாட்டின் இறைச்சியை விற்கிறார்கள். மண்ணுக்கும் பறவைக்கும் நடந்தது நல்லதுதான். ரசாயனத்தை நிறுத்தினால் நிலம் எவ்வளவு சீக்கிரம் தேறும் என்பதற்கு நாமே அதை எடுத்துக்காட்டலாம். ஆனால் அது பரம்பரையாக வந்த மாளிகையும் 3,500 ஏக்கரும் உள்ள குடும்பத்தின் வழி. மூணு ஏக்கர் உழவர் நிலத்தைக் காடாக விட்டுவிட்டு வேடிக்கைக்கு ஆள் தேட முடியாது. அவர் அடுப்பும் எரியணும், ஊர் அடுப்பும் எரியணும்.

நம்மைப்போல இயற்கை வழியில் செய்கிறவர்கள் அங்கே மொத்த வேளாண் நிலத்தில் சுமார் 3 விழுக்காடுதான். 1930களில் இருந்த பூ நிறைந்த புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டதாக அவர்களே சொல்கிறார்கள். மிச்சமிருக்கிற 3 விழுக்காட்டைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தனை கார்கள். பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்துக்கொண்டே பூந்தோட்டத்துக்குச் சீட்டு விற்கிற ஏற்பாட்டை நாம் ஏன் முன்மாதிரியாக எடுக்க வேண்டும்?

காசில்லாமல் நடக்கிற உரிமை

அந்த நாட்டில் நான் பொறாமைப்பட்டது ஒன்று உண்டு. அதற்குச் சீட்டே கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் பொதுப் பாதைகள், தனியார் நிலத்தின் நடுவிலேயே ஓடுகின்றன. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பாதை வயலுக்குக் குறுக்கே போனால் விவசாயி உழுது விதைக்கலாம், ஆனால் முதல் உழவுக்குப் பின் 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். நடப்பதற்கு ஒரு மீட்டர் அகலமாவது விட வேண்டும். சட்டம் அப்படி. கோதுமை இரண்டு பக்கமும் இடுப்பளவு நிற்க, நடுவே கோடு கிழித்தாற்போல ஒற்றையடிப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். யாரும் "யாரு நீ" என்று கேட்கவில்லை.

சும்மா வந்த உரிமை இல்லை இது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தைப் பறவை வேட்டைக்காகப் பணக்காரர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு தொழிலாளர்கள் கூட்டமாக அதில் ஏறினார்கள். முன்நின்றவர் பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் கிண்டர் ஸ்கவுட் இருக்கும் பகுதியே முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000இல் மேட்டுநிலங்களில் விரும்பியபடி நடக்கும் உரிமையும் சட்டமாயிற்று. அப்படியும் அந்த உரிமை இங்கிலாந்து நிலத்தில் 8 விழுக்காட்டுக்குத்தான்.

நடக்கிறவர்களால் உழவர்களுக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. படலைத் திறந்துபோட்டுப் போவார்கள். அவிழ்த்துவிட்ட நாய் சினை ஆடுகளைத் துரத்தும். நாய்க் கழிவு மேய்ச்சலில் கிடந்தால் மாடு கருச்சிதைவாகும் நோய் வரும். கன்றோடு நிற்கிற மாட்டின் அருகே நாயோடு போய் உயிரை விட்டவர்களும் உண்டு. ஆனாலும் நடக்கிறவருக்கு வயல் என்பது காசு கொடுத்துப் பார்க்கும் பொருளாக இல்லாமல் தான் கடந்துபோகும் ஊராக இருக்கிறது. எந்த மாதம் என்ன விதைக்கிறார்கள், எப்போது அறுக்கிறார்கள் என்று கால் வழியாகத் தெரிந்துகொள்கிறார். கம்பி வேலி போட்டு வாசலில் நுழைவுக் கட்டணம் எழுதி வைத்த இடத்தில் அது நடக்காது.

உருப்படியாகச் செய்தவர்கள்

காட்டுவதை உருப்படியாகச் செய்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். நாலு பேரைச் சொல்கிறேன்.

முதலாவது, காட்ஸ்வோல்ட் ஃபார்ம் பார்க். ஜோ ஹென்சன் என்ற குத்தகை உழவர் 1971இல் தொடங்கியது. அழியும் நிலையிலிருந்த நாட்டு இனங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குத் தீவனம் போட மக்களைப் பார்க்க அழைத்தார். இருபதாம் நூற்றாண்டில் 1973 வரை பிரிட்டனில் 26 நாட்டுக் கால்நடை இனங்கள் அழிந்தன. அந்த ஆண்டு அரிய இனங்களுக்கான அமைப்பு உருவானது, அதிலும் ஹென்சனுக்குப் பங்கு உண்டு. அதன் பிறகு ஒன்றும் அழியவில்லை என்று அந்த அமைப்பு சொல்கிறது. இங்கே சீட்டுக் காசு மாட்டுக்குப் போயிற்று. உம்பளச்சேரி, காங்கேயம், புலிக்குளம், பர்கூர் வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

இரண்டாவது, 1976இல் மைக்கேல் மோர்பர்கோ, கிளேர் மோர்பர்கோ என்ற ஆசிரியத் தம்பதி டெவனில் தொடங்கிய நகரக் குழந்தைகளுக்கான பண்ணை. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து ஒரு வாரம் தங்குவார்கள். வேடிக்கை கிடையாது. காலையில் எழுந்து கோழி திறந்துவிடணும், முட்டை பொறுக்கணும், சாணி அள்ளணும், காய் பறிக்கணும், அதையே சமைத்துச் சாப்பிடணும். ஐம்பது வருடமாகியும் நடக்கிறது.

மூன்றாவது, அதே டெவனில் ரிவர்ஃபோர்ட். கை சிங்-வாட்சன் என்பவர் இயற்கை முறையில் காய்கறி விளைவித்து, 1990களில் வாரம் ஒரு பெட்டி என்று வீடுகளுக்கு நேராக அனுப்பத் தொடங்கினார். பண்ணையிலேயே ஒரு சாப்பாட்டு இடம் உண்டு. நீண்ட மேசையில் தெரியாதவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றியுள்ள வயலில் அந்தப் பருவத்துக்கு என்ன விளைந்ததோ அதைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுப் போனவருக்குப் பெட்டியில் வரும் காய் எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று தெரியும். பார்வைக்கு வந்தவர் வாரா வாரம் வாங்குகிறவர் ஆகிறார். 2018இல் நிறுவனத்தின் பெரும்பங்கை ஊழியர்களிடமே கொடுத்துவிட்டார் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

நாலாவது பெயரில்லாத பல பேர். பண்ணை வாசலில் ஒரு மேசை, அதில் முட்டை, உருளை, கீரைக் கட்டு, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ஆள் கிடையாது. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகணும். சில பால் பண்ணைகளில் கறந்த பாலை இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள், பாட்டில் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாம். காய்ச்சாத பாலைப் பண்ணைக்காரரே நேராக விற்றால்தான் அங்கே சட்டம் அனுமதிக்கிறது. அதனால் வாங்குகிறவர் பண்ணைக்காரரிடமே வாங்கியாகணும். எனக்கு எல்லா வேடிக்கைப் பூங்காவையும்விட இந்த மேசையும் இந்த இயந்திரமும் பெரிதாகப் பட்டன.

இதற்கு நேர் எதிர் அக்டோபர் பூசணி. ஏக்கர் கணக்கில் விளைவித்து, படம் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் முகம் செதுக்கி, விளக்கு வைத்து, நவம்பரில் குப்பையில் போடுவார்கள். உண்ணக்கூடிய காய். அதற்குத்தான் அந்த வருடத்தின் மிகப் பெரிய கூட்டம்.

நாம் என்ன செய்யலாம்?

நம்மிடமும் நல்ல வழக்கம் இல்லாமல் இல்லை. நம்மாழ்வார் ஐயா கடவூர்ப் பக்கம் உருவாக்கிய வானகத்துக்கு வந்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் வந்த உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். வந்தவர் கையில் ஒரு கடமையோடு திரும்பிப் போனார். இதைவிட நல்ல சுற்றுலாத் திட்டத்தை நான் எந்த நாட்டிலும் பார்க்கவில்லை.

ஆகவே பண்ணையைத் திறக்க நினைக்கிற நண்பர்களுக்குச் சொல்வது இது. பயிர்க் கணக்கையும் வருகையாளர் கணக்கையும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள். ஒரு நோயோ ஊரடங்கோ வந்து ஆறு மாதம் யாரும் வராவிட்டாலும் பயிர்க் கணக்கு நிற்குமா என்று பாருங்கள். நிற்காது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வருகிறவருக்குப் போடும் சாப்பாடு உங்கள் வயலிலிருந்தோ பக்கத்து வயலிலிருந்தோ வரட்டும். ஒரு மணி நேரமாவது வேலை கொடுங்கள், களை எடுக்கவோ கடலை பறிக்கவோ. ஊர்க்காரரின் தண்ணீரிலும் பாதையிலும் கை வைக்காதீர்கள். மாட்டைத் தொடும் பிள்ளைகள் கைகழுவ ஓடும் தண்ணீரும் சோப்பும் கட்டாயம் வேண்டும். 2009இல் சர்ரே பகுதியில் ஒரு காட்சிப் பண்ணையில் கால்நடைகளிடமிருந்து ஈ-கோலை கிருமி பரவி 93 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கிருமிநாசினி தடவினால் போதும் என்று இருக்கக் கூடாது.

நம் இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். இங்கிலாந்தில் 2006 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் நூற்றுக்கணக்கான பண்ணைகள் கதவைத் திறந்துவிடுகின்றன. லீஃப் என்ற உழவர் அமைப்பு ஒருங்கிணைக்கிறது, பெரும்பாலும் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஒன்றைக் கடன் வாங்குவதென்றால் இதை வாங்கலாம். தை அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிறு, மாவட்டத்துக்குப் பத்து பண்ணையாவது ஒரே நாளில் திறந்து வைப்போம். சீட்டு வேண்டாம், ஊஞ்சல் வேண்டாம், மாட்டுவண்டிச் சவாரியும் வேண்டாம். களத்தில் நெல் கிடக்கட்டும், விலை எழுதிய பலகை நிற்கட்டும், விளைவித்தவர் பக்கத்தில் நின்று ஏன் இந்த விலை என்று சொல்லட்டும். வருகிறவர் ஒரு மரக்கால் அரிசியாவது கட்டிக்கொண்டு போகட்டும். அடுத்த மாதம் அரிசி தீர்ந்ததும் அவர் யாருக்குப் போன் போடுகிறார் என்பதை வைத்துத்தான் அந்த ஞாயிறு ஜெயித்ததா தோற்றதா என்று நாம் கணக்குப் பார்க்கணும். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள்.